வரிசையில் அம்மா

போன வாரம் படிக்க விட்டுப்போனவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். வீடு வாங்கக் கடன் கொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்று. ஊரில் எல்லோருக்கும் அது 'வீட்டுக் கம்பெனி'. அது ஆட்டம் காண்கிறது என்று சில நாளாகவே பேச்சு. அதன் கிளையில் துணை மேனேஜராக இருக்கும் நம் சின்னவன், "சும்மா புரளிம்மா, ஒண்ணும் ஆகாது" என்று சாப்பாட்டு மேஜையில் எல்லோர் எதிரிலும் அடித்துச் சொல்லிவிட்டான்.

சாப்பாட்டு மேஜையில் பொய் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. மறுநாள் காலை டீ குடிக்க அதே மேஜைக்குத்தான் வந்தாக வேண்டும்.

வந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மா அதைப் பார்த்தாள். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தே தலை நரைத்தவள் அவள். முகத்தைப் பார்த்தே வலி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் எதுவும் கேட்காமல் டீயை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அந்த வீட்டில் அன்று காலை சந்தோஷமாக இருந்த ஒரே ஜீவன் அத்தான்தான். அக்காவின் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட யாராவது சட்டென்று பேசினால் அவருடைய கால் பிரேக்கைத் தேடும்.

"என்ன மச்சான், உங்க கம்பெனியை எப்ப மூடறாங்க? தேதி ஏதாவது குறிச்சாச்சா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க அத்தான்."

"கோவிச்சுக்காதேப்பா. எனக்கு ஒரு கணக்கு இருக்கு. கடன் கொடுத்தவனே காணாமப் போயிட்டா, எங்க வீட்டுக் கடனை யாருக்குக் கட்டறது? அதான் நேத்தே பேங்குக்குப் போய் இந்த மாசத் தவணையை நிறுத்தச் சொல்லிட்டேன்." ரொட்டியை டீயில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். உலகத்திலேயே புத்திசாலி தான்தான் என்ற திருப்தி முகத்தில் வழிந்தது.

சின்னவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"தவணையை நிறுத்திட்டீங்களா? அக்கா, உனக்குத் தெரியுமா இது?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா, கையில் சீப்போடு அப்படியே நின்றாள். அவளுக்குத் தெரியாது.

"அத்தான், நல்லாக் கேட்டுக்குங்க. கம்பெனி முழுகினா நம்ம கடன் முழுகாது. எங்ககிட்ட இப்ப சொத்துன்னு மிச்சம் இருக்கறதே உங்களை மாதிரி ஆளுங்க கட்ட வேண்டிய பாக்கிதான். அதை இன்னொரு கம்பெனி வாங்கும். வாங்கினவன் நேரா வந்து நம்ம கதவைத் தட்டுவான். நடுவுல கட்டாம விட்டதுக்கு அபராதமும் சேர்த்துக் கேப்பான்."

"அப்போ கம்பெனி திவாலானா..."

"அதுல பணம் போட்டவனுக்குத்தான் நஷ்டம். கடன் வாங்கினவனுக்கு இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அதில் பணம் போட்டவள் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து, டீ ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வேலை பார்த்தது தனியார் ஆஸ்பத்திரி. பென்ஷன் கிடையாது. ஓய்வு பெற்றபோது மொத்தமாகக் கொடுத்த பணத்தை அப்படியே வீட்டுக் கம்பெனியில் டெபாசிட் போட்டிருந்தாள். ஊழியரின் பெற்றோர் என்றால் அரை சதவீதம் கூடுதல் வட்டி. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு நடந்த வழியனுப்பு விழாவுக்கே சின்னவன் டெபாசிட் ஃபாரங்களைக் கட்டாகக் கொண்டுபோயிருந்தான். கேக் வெட்டின கையோடு அம்மா மைக்கைப் பிடித்து, "என் பையன் வேலை பார்க்கற இடம், நானும் போட்டிருக்கேன்" என்று சொன்னாள். பாதி வார்டு அன்றைக்கே கையெழுத்துப் போட்டது. அந்த வருடம் டெபாசிட் சேர்த்ததில் சின்னவனுக்குத்தான் முதல் பரிசு. பரிசாகக் கிடைத்த கம்பெனிப் பங்குகளை இப்போது விற்றால் ஒரு மாத டீ செலவுக்குத் தேறினால் அதிகம்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. பில்டர்.

அக்கா பேசவே இல்லை. "சரி... சரிங்க... இல்லீங்க, கம்பெனிலேருந்து வந்துடும்..." என்பதோடு சரி. போனை வைத்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"என்னவாம்?" என்று அத்தான் எழுந்தார்.

"நம்ம கடன்ல கம்பெனி அவருக்குத் தர வேண்டிய கடைசித் தவணையை இன்னும் அனுப்பலையாம். மத்ததெல்லாம் கட்டியிருந்தாலும் முழுப் பணம் வந்தாத்தான் சாவியாம். ரொக்கமா கொடுக்க வேற ஆள் காத்துட்டிருக்காங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் வரலைன்னா நம்ம ஒப்பந்தத்தை ரத்து பண்ணிட்டு அவங்களுக்குக் கொடுத்துடுவாராம்."

அத்தானின் கால் தரையில் அழுத்தமாக ஊன்றியது. பிரேக் பிடிக்கவில்லை.

"ரத்து பண்ணா நாம கட்டினது?"

"கோர்ட்டுக்குப் போய் வாங்கிக்கோன்னுட்டார்." அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். அந்த வீட்டுக்காகத்தான் கல்யாணமான நாளிலிருந்து அம்மா வீட்டு மாடி அறையில் பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அம்மா ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

"அழாதே. அந்தக் கடைசித் தவணையை நான் தரேன். என் டெபாசிட்டை இன்னிக்கு எடுத்துடறேன்."

"வேண்டாம்மா!" என்றான் சின்னவன்.

வேண்டாம் என்றது அக்காவாக இருந்தால் அம்மா அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். இவன் சொன்ன வேகம் வேறு மாதிரி இருந்தது.

"ஏன்டா?"

"இல்ல... இன்னிக்கு கூட்டமா இருக்கும். நாளைக்கு வா. நாளன்னிக்கு வா. இன்னிக்கு மட்டும் வராதேம்மா."

"ஆபீஸ்ல என்னைப் பார்த்தா ஊழியரோட அம்மாவே பணத்தை எடுக்க வந்துட்டாங்கன்னு பேசுவாங்க. அதானே?"

அவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். படியில் இறங்கும்போது செருப்பு மாறிப்போயிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. தெருமுனை வரை அத்தானின் செருப்போடு போய்விட்டுத் திரும்பி வந்து மாற்றிக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

அவன் மறுபடி கிளம்பிப் போனதும் அம்மா அலமாரியைத் திறந்து டெபாசிட் ரசீதை எடுத்தாள்.

"அவன் வராதேன்னு சொன்னானே" என்றாள் அக்கா.

"அதனாலதான் போறேன்" என்றாள் அம்மா.

கிளை திறப்பதற்கு முன்பே வரிசை கண்ணாடிக் கதவிலிருந்து பக்கத்து மருந்துக் கடை வரை போயிருந்தது. கதவில் ஒட்டியிருந்த பெரிய படத்தில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், கையில் புது வீட்டுச் சாவி, வாயெல்லாம் பல். அந்தப் படத்தின்மேல் சாய்ந்தபடி ஒரு பெரியவர் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே மேனேஜர் தன் அறைக்குள் சின்னவனை இழுத்துக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர்தான். பத்து நாளில் பத்து வயது கூடியிருந்தது. வயிற்றெரிச்சல் மாத்திரையை மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டே இருந்தார்.

"தலைமை ஆபீஸ்லேருந்து சொல்லிட்டாங்க. இன்னிக்கு சாயந்திரம் கவுண்டர் மூடறதோட சரி. அதுக்கப்புறம் யாருக்கும் டெபாசிட் திருப்பிக் கொடுக்கக் கூடாது. மறு உத்தரவு வர்ற வரைக்கும்."

"மறு உத்தரவு எப்ப சார்?"

"அதுக்கும் மறு உத்தரவு வரணும்."

"வெளியில நிக்கறவங்ககிட்ட என்ன சொல்ல?"

"எதுவும் சொல்லாதே. வாயைத் திறந்தா வேலை போகும், கேஸும் போடுவாங்களாம். இன்னிக்குக் கொடுக்க அனுப்பியிருக்கற பணம் ரொம்பக் கொஞ்சம். முன்னாடி நிக்கற சில பேருக்குத்தான் வரும். ஒரே ஒரு கவுண்டரைத் திற. கம்ப்யூட்டர் மெதுவா இருக்குன்னு சொல்லு. மெதுவாவே பண்ணு."

சின்னவன் வெளியே வந்து வாசல்படியில் நின்றான். "யாரும் பயப்பட வேண்டாம். எல்லார் பணமும் பத்திரமா இருக்கு. கம்ப்யூட்டர்தான் கொஞ்சம் மெதுவா வேலை செய்யுது" என்றான்.

"தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வரிசையின் முன்பக்கத்திலிருந்து ஒரு குரல். பார்த்தான். நெட்டை அக்கா.

அம்மாவோடு வார்டில் வேலை பார்த்தவள். உயரத்தால் வந்த பெயர், ஆஸ்பத்திரியில் அவளே போனை எடுத்து "நெட்டை பேசறேன்" என்றுதான் சொல்வாள். ராத்திரி டியூட்டி முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேரே வந்து நின்றிருந்தாள். கவுண்டருக்கு அவளுக்கு முன்னால் இரண்டே பேர். நிலத்தில் தன் பங்கை விற்ற பணம் மொத்தத்தையும் அந்த வழியனுப்பு விழாவில்தான் அவள் எழுதிக்கொடுத்தாள்.

நெட்டை அக்காவுக்காவது கிடைத்துவிடும் என்று அவன் மனசு கொஞ்சம் லேசாயிற்று. உடனே மற்றவர்களை நினைத்து மறுபடியும் கனத்தது.

அப்போதுதான் வரிசையின் வாலில் ஒரு சலசலப்பு.

"சிஸ்டர் வந்திருக்காங்க!"

"எந்த சிஸ்டர்?"

"பிரசவ வார்டு சிஸ்டர்தான். இங்க வேலை பார்க்கற தம்பியோட அம்மா!"

"அவங்களே எடுக்க வந்துட்டாங்களா? அப்போ நிஜமாவே போச்சுய்யா!"

அடுத்த நிமிடம் ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். "உடனே வா, பாத்திரம் கிடக்கட்டும்" என்று ஒருத்தி கத்தினாள். "கடையை மூடிட்டு வாடா" என்று இன்னொருவர். வரிசை மருந்துக் கடையைத் தாண்டி, முடிதிருத்தும் கடையைத் தாண்டி, தெரு திரும்பும் இடம் வரை நீண்டது. எல்லாவற்றுக்கும் நடுவில், தண்ணீர் பாட்டிலும் பிளாஸ்டிக் உறையில் ரசீதுமாக, ஒன்றும் புரியாதவள்போல அம்மா நின்றிருந்தாள்.

நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. ஆபீஸில் நாலு பேர் பேசுவார்கள் என்றுதான் நினைத்திருந்தாள், தெருவே இப்படிக் கலங்கும் என்று யோசிக்கவே இல்லை. எந்த வார்டுக்குள் அவள் நுழைந்தாலும் கூச்சல் அடங்கித்தான் அவளுக்குப் பழக்கம்.

மேனேஜர் கண்ணாடி வழியாக இதைப் பார்த்தார். சின்னவனைப் பார்த்தார்.

"உங்க அம்மாவைப் பின்பக்கமா உள்ளே கூட்டிட்டு வா."

"சார்..."

"கூட்டிட்டு வா. இல்லைன்னா இன்னும் பத்து நிமிஷத்துல இந்தக் கண்ணாடியெல்லாம் தரையில கிடக்கும்."

அறைக்குள் வந்ததும் மேனேஜர் நாற்காலியைக் காட்டினார்.

"நின்னே பழக்கம். சொல்லுங்க" என்றாள் அம்மா.

"உங்க பணம் மொத்தத்தையும் வட்டியோட இப்பவே உங்க பேங்க் கணக்குக்கு அனுப்பிடறேன். அதுக்கு நீங்க ஒரு உதவி பண்ணணும். வெளியில போய், நான் பணத்தை எடுக்கல, எனக்கு நம்பிக்கை இருக்கு, எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு ரெண்டு வார்த்தை. உங்க பேச்சுக்குப் பாதிப் பேர் போயிடுவாங்க."

அம்மா அவரை விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினாள்.

"சாயந்திரம் என்ன ஆகும்?"

அவன் தரையைப் பார்த்தான்.

"உன்னைத்தான்டா கேக்கறேன்."

"இன்னியோட நிறுத்தறாங்கம்மா. திரும்ப எப்ப தருவாங்க, எவ்வளவு தருவாங்க, ஒண்ணும் தெரியாது."

"நேத்து ஒண்ணும் ஆகாதுன்னியே?"

"நேத்து இது தெரியாதும்மா."

"பயம் இருந்ததா இல்லையா?"

"இருந்தது."

அம்மாவுக்குக் கோபம் வந்தது. அறைய வேண்டும்போல வந்தது. ஆனால் எதிரில் நிற்கிறவன் கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் நிற்பதுபோல நின்றான்.

"அப்போ வெளியில நிக்கறவங்க?" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"நின்னாலும் பெரும்பாலானவங்களுக்குக் கிடைக்காதும்மா. நிக்கறதும் ஒண்ணுதான், போறதும் ஒண்ணுதான். போனா கல்லெறியாம போவாங்க. உள்ளே சின்னச் சின்னப் பசங்க வேலை பார்க்கறாங்க. அவங்க மண்டை உடையாம இருக்கும்."

அது ஒரேயடியாகப் பொய்யும் இல்லை. கெட்ட காரியத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் பாதி நியாயத்தைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். அதுதான் தொல்லை.

அம்மா ஜன்னல் பக்கம் போனாள். மகளின் சிவந்த மூக்கு கண்ணுக்குள் வந்தது. வெள்ளிக்கிழமை வந்தது. மாடி அறையில் பிரிக்காத பெட்டிகள் வந்தன. இந்தப் பணம் போனால் மகளுக்கு வீடு போகும். தனக்கும் இனி மருந்து மாத்திரைக்கு யார் கையையாவது பார்க்க வேண்டும். மாப்பிள்ளை கையைப் பார்ப்பதா? அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது.

"சரி" என்றாள். "ஆனா முதல்ல பணம் வரட்டும். வந்த பிறகுதான் வாயைத் திறப்பேன்."

மேனேஜர் சின்னவனைப் பார்த்தார். ஊழியரின் பெற்றோர் டெபாசிட் என்பதால் அவன் கையெழுத்தும் வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அன்றைக்குக் கொடுக்க என்று வந்திருந்த பணம் ஒன்றுதான். அம்மாவுக்கு அனுப்பினால், வரிசையின் முன்பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு மிஞ்சுவது அநேகமாக ஒரே ஒருவருக்கு. மிஞ்சிப் போனால் இருவருக்கு. இது மேனேஜருக்குத் தெரியும். சின்னவனுக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

சொல்லியிருக்கலாம். அவன் வாயைத் திறக்கவும் செய்தான்.

"என்னடா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா" என்று கையெழுத்துப் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போனில் செய்தி வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். கைகள் இரண்டையும் ஒரு தடவை புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வா" என்றாள் மகனிடம்.

வாசல்படியில் அம்மா வந்து நின்றதும் சத்தம் தானாக அடங்கியது. பின்னால் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள். அவள் கையில் பிறந்த பிள்ளைகளின் அப்பன்களும் அம்மாக்களும் அந்த வரிசையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். சின்னவன் அவளுக்கு ஓரடி பின்னால், பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே நின்றான்.

"எல்லாரும் கேளுங்க" என்றாள். வார்டில் பேசும் அதே குரல். "நான் பணம் எடுக்கத்தான் வந்தேன். உள்ளே போய் விசாரிச்சேன். இப்போ எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. நான் எடுக்கல. என் பணம் இங்கேயேதான் இருக்கு. வெயில்ல நிக்காம எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

சொல்லி முடித்துவிட்டாள். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

யாரும் உடனே நகரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சிஸ்டரே சொல்றாங்க" என்றார் ஒருவர். "பையனுக்காகச் சொல்லலாம்" என்றார் இன்னொருவர்.

நகர்ந்தது ஒரே ஒரு ஆள்தான். வரிசையின் முதலில் நின்றவள். அவளுக்கு முன்னால் இருந்த இருவரும் முடித்துப் போயிருந்தார்கள். அடுத்தது அவள் முறை. நெட்டை அக்கா கவுண்டரிலிருந்து தன் ரசீதை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வெளியே வந்தாள்.

"காலையிலேருந்து கால் கெஞ்சுது" என்றாள் அம்மாவிடம், சிரித்துக்கொண்டே. "நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்க, போதும் சிஸ்டர். வேற யார் சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். போய் ஒரு தூக்கம் போடறேன்."

அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினாள். அவள் விட்ட இடத்தில் அடுத்தவர் போய் நின்றுவிட்டார்.

அம்மா அவள் முதுகையே பார்த்தாள். கசங்கிய யூனிஃபார்ம். ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு. நெட்டை தெருவில் இறங்கி, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பஸ் வந்துகொண்டிருந்தது.

மற்றவர்கள் நம்பாமல் நின்றார்கள். அவர்களைப் பார்க்க அம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம்பிப் போகிற இந்த ஒருத்தியைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நெட்டை!" என்று கத்தினாள். "போகாதே! நில்லுடி!"

நெட்டை திரும்பினாள். தெருவே திரும்பியது.

"அம்மா, வேண்டாம்மா" என்று பின்னாலிருந்து சின்னவன் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தான்.

அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் சொன்னது பொய். நான் எடுத்துட்டேன். மொத்தமா எடுத்துட்டேன். என் கணக்குக்கு வந்துடுச்சு. சாயந்திரத்தோட எல்லாத்தையும் நிறுத்தறாங்க. யாரும் இந்த இடத்தை விட்டு நகராதீங்க!"

தெருவில் போன சைக்கிள்கூட நின்றுவிட்டது.

பிறகு சத்தம் எழுந்தது. யார் என்ன சொல்கிறார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. உள்ளே கவுண்டரில் இருந்த பெண் எழுந்து பின்சுவரோடு ஒட்டி நின்றாள். ஏதோ உடையும் சத்தம் கேட்டது. கதவில் ஒட்டிய சிரிக்கும் குடும்பம் குறுக்கே கிழிந்து தொங்கியது.

அந்தக் கூச்சலில் கலந்துகொள்ளாமல் நெட்டை மட்டும் திரும்பி வந்தாள். படியேறி அம்மாவுக்கு நேர் எதிரில் நின்றாள். கோபப்பட்ட மாதிரியே இல்லை. புரிந்துகொள்ளப் பார்க்கிறவள் மாதிரி இருந்தாள்.

"எந்தக் கவுண்டர்ல குடுத்தாங்க சிஸ்டர்? டியூட்டி முடிஞ்சதும் வந்து இந்த ஒரு கவுண்டரையே பார்த்துட்டு நிக்கறேன். நீங்க இங்க வரவே இல்லையே."

அம்மா இந்தக் கேள்வியை நினைத்துப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பித்தான் அவள் வாயைத் திறந்தாள். அந்த உண்மைக்குப் பின்னால் தன் பிள்ளை நின்றுகொண்டிருப்பதை அந்த ஒரு நிமிடம் மறந்துபோனாள்.

"உள்ளே" என்றாள். "உள்ளே, மேனேஜர் ரூம்ல."

"யார் கூட்டிட்டுப் போனாங்க?"

அம்மாவின் கண் பின்பக்கம் போய்விட்டது. அவள் கண் போன இடத்துக்கு நெட்டையின் கண்ணும் போனது. பின்னால் நின்றவர்கள் கண்ணும் போனது. ஷட்டருக்குக் கீழே சின்னவன் வேர்த்து நின்றான். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கை தானாக மூடிக்கொண்டது.

"தம்பி" என்றாள் நெட்டை, வார்டில் தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் பேசுவாளே, அந்தக் குரலில். "அந்தக் கதவை எனக்கும் கொஞ்சம் காட்டேன்ப்பா."

காட்ட அவனுக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு வரவேண்டியதுதான் அம்மாவின் கணக்குக்குப் போயிருந்தது.

"பணம் இல்லக்கா" என்றான். அன்று முழுக்க வரிசையில் நின்றவர்களிடம் அவன் சொன்ன முதல் உண்மை அது. "இருந்ததை அம்மாவுக்கு அனுப்பிட்டோம்."

அம்மா திரும்பி மகனைப் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் அப்போது அடிக்க ஆரம்பித்தது. மகள். பில்டரிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்கத்தான் இருக்கும். நெட்டை எதிரிலேயே நின்றாள். பின்னால் படியேறி வருகிறவர்களின் காலடி கேட்டது. போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது, அம்மா அதை எடுக்கவில்லை.